கையேடு எழுத குமாஸ்தா வேண்டும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், வங்கித் தேர்வுக்கு விண்ணப்பம் போடும் பிள்ளை ஒருவராவது இல்லாத வீடு அபூர்வம். விண்ணப்பத்தோடு அனுப்பும் புகைப்படம் 20 கிலோபைட்டுக்குக் குறையாமலும் 50 கிலோபைட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. செல்போனில் எடுத்த படமோ ஆயிரக்கணக்கான கிலோபைட் இருக்கும். அதைச் சுருக்கிக் கொடுப்பது ஜெராக்ஸ் கடைகளுக்கு ஒரு நிரந்தர வரும்படி. இரண்டு நிமிஷ வேலை; ஆனால் வழி தெரியாதவர் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வேலையைச் செலவில்லாமல் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து கொள்ள ஒரு மென்பொருள் உண்டு. 'ஜிம்ப்' என்று பெயர். 1995-ல் அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக் கழகத்தில் படித்துக் கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. 1996-ல் வெளிவந்தது. அவர்கள் படிப்பை முடித்துக் கொண்டு போன பிறகு, ஆர்வமுள்ள மற்றவர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். இன்றும் அப்படியே நடக்கிறது. அதற்கு முதலாளி கிடையாது. உழைப்பவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்த நேரத்தில் ஆசைக்காகச் செய்பவர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், விலை இல்லை.

இப்படிப் பிறந்த மென்பொருள்கள் பல. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில், பொழுதுபோக்காக ஒரு வேலையில் இறங்கியிருப்பதாகத்தான் அறிவித்தார். அதுவே லினக்ஸ். 2017 நவம்பர் முதல் உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்திலும் அதுதான் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் இருப்பதும் அதுவே. பொழுதுபோக்கு என்று சொல்லித் தள்ளிவிடக் கூடிய காரியம் அல்ல இது.

ஆனால், கருவி செய்வதில் காட்டிய ஊக்கத்தை, அந்தக் கருவியை உபயோகிக்கும் முறையைச் சொல்லும் கையேட்டில் இந்தத் தொண்டர்கள் காட்டவில்லை. 2017-ல் கிட்ஹப் நிறுவனம் இத்தகைய திட்டங்களில் ஈடுபட்டிருப்பவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அரைகுறையான அல்லது பழசாகிப் போன கையேடுகளைச் சந்தித்திருப்பதாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில், கையேட்டுப் பணியில் எப்போதோ ஒரு முறை ஈடுபடுவதாகவோ, ஈடுபடுவதே இல்லை என்றோ சொன்ன தொண்டர்கள் 60 சதவீதம். குறை எல்லோருக்கும் தெரிகிறது. அதைத் தீர்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி. பெரிய பெரிய எஞ்சினீயர்களிடையே தேடுவதால் அவர் அகப்படவில்லை. ஆபீசில் பத்து வருஷம் நோட் எழுதிய குமாஸ்தாக்களிடையே தேடினால் அகப்படுவார்.

தெரிந்தவருக்குச் சொல்லத் தெரியாது

மும்பையில் இருபது வருஷமாக இருப்பவரிடம், ஊரிலிருந்து புதிதாக வந்தவர் வழி கேட்டால், "தாதரில் இறங்கி மாறிக் கொள்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார். தாதர் என்பது இரண்டு ரயில் பாதைகள் கூடும் இடம் என்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் ஏறிப் போக வேண்டும் என்பதையும் அவர் சொல்ல மாட்டார். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. பல ஆயிரம் தடவை நடந்து நடந்து, அந்தப் பாலம் அவர் கண்ணிலேயே படுவதில்லை. போன மாதம் வந்து, தவறான பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் நின்றவரைக் கேட்டால், படிக்கட்டு எந்தப் பக்கம் என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லுவார்.

மென்பொருள் கையேடுகளின் கதையும் இதுவே. செய்தவரே எழுதும்போது, அவர் கண்ணுக்குப் படாத படிகள் எல்லாம் விட்டுப் போகின்றன. 'சுலபமாக', 'வழக்கம்போல' என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ, அங்கெல்லாம் ஒரு படி விழுங்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம். படிப்பவர் அந்த இடத்தில் விழுகிறார். விழுந்தவர், கையேடு சரியில்லை என்று நினைப்பதில்லை. தனக்குத்தான் மூளை போதாது என்று நினைத்துக் கொண்டு மூடி வைத்து விடுகிறார். இதுதான் இந்தக் குறையின் கொடுமையான பகுதி. இலவசமாகக் கொடுத்த பொருள், கற்றுக் கொடுக்க ஆள் வைத்துக் கொள்ளக் கூடியவருக்கு மட்டும் இலவசமாகிறது.

இன்னொரு கஷ்டம், கருவி மாறும், கையேடு மாறாது. ஜிம்பிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2012-ல் அதன் 2.8-வது பதிப்பு வந்தபோது, 'சேவ்' என்ற கட்டளை ஜிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப். கோப்பாக மட்டுமே படத்தைச் சேமிக்கும் என்று மாற்றினார்கள். சாதாரண ஜேபெக் படமாக வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' என்ற வேறு கட்டளைக்குப் போக வேண்டும். மாற்றத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஜேபெக் ஆக்கும்போது, படத்தில் அடுக்கடுக்காகச் செய்த வேலைகள் ஒன்றாகக் கலந்து போகும். பிறகு பிரிக்க முடியாது. தெரியாமல் ஒருவர் தம் உழைப்பை இழந்துவிடக் கூடாது என்பது செய்தவர்களின் கவலை. ஆனால், பழைய குறிப்பு ஒன்றை வைத்துக் கொண்டு 'சேவ்' அழுத்தியவருக்கு இந்த நியாயம் எப்படித் தெரியும்? அவர் கையில் கிடைத்தது, எந்த விண்ணப்பமும் ஏற்காத ஒரு கோப்பு. குறிப்பின் தலையில் 'இது இந்தப் பதிப்புக்கு, இந்தத் தேதியில் எழுதியது' என்று ஒரு வரி இருந்திருந்தால், அவர் தப்பித்திருப்பார். தேதி போடாத நோட்டை எந்த ஆபீசிலும் ஏற்க மாட்டார்கள். கையேட்டுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

முன்னோர்கள் காட்டிய வழி

கையேட்டை மதித்தவர்களும் இந்தத் துறையில் உண்டு. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற முறையை உருவாக்கினார்கள். அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3-ந் தேதியிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே ஒழுங்கில் விவரம்: பெயர், எழுதும் முறை, என்ன செய்யும் என்பது, தொடர்புள்ள மற்றவை. அந்தத் தலைப்புகளுள் ஒன்று, 'பிழைகள்'. தாங்கள் செய்த கருவியில் எங்கே கோளாறு இருக்கிறது என்பதைத் தங்கள் கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். எந்த வியாபாரி தம் சரக்கின் குறையைத் தாமே விளம்பரம் செய்வார்? நேர்மையான கையேடு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்வது கஷ்டம்.

ஸ்டான்போர்டு பல்கலைக் கழகப் பேராசிரியர் டொனால்டு நூத், கணிதப் புத்தகங்களை அழகாக அச்சுக் கோக்க டெக் என்ற மென்பொருளை எழுதி, உலகத்துக்கே விட்டுக் கொடுத்தார். அதன் கையேட்டையும் அவரே எழுதினார். 1984-ல் புத்தகமாக வந்தது. தம் புத்தகத்தில் பிழை ஒன்றை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசு என்று அறிவித்தார். செக் எழுதியும் அனுப்பினார். செக்கைப் பணமாக மாற்றாமல் கண்ணாடி போட்டு மாட்டி வைத்துக் கொண்டவர்கள் பலர். 2008-லிருந்து செக்குக்குப் பதில் சான்றிதழ் கொடுக்கிறார். தொகை அற்பம். ஆனால், புத்தகத்தில் உள்ள பிழையும் மென்பொருளில் உள்ள பிழையும் அவருக்கு ஒன்றுதான் என்பது அதில் தெரிந்தது.

1995-ல் தொடங்கிய ஓப்பன் பி.எஸ்.டி. என்ற தொண்டர் திட்டத்திலும் இதே கொள்கை. கையேட்டில் உள்ள தவறு, கருவியில் உள்ள தவறுக்குச் சமம். உடனே திருத்த வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் விதி. சுதந்திர மென்பொருள் இயக்கத்தை 1983-ல் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனும், இந்த இயக்கத்தின் பெரிய பற்றாக்குறை மென்பொருளில் இல்லை, நல்ல கையேடுகளில்தான் என்று எழுதியிருக்கிறார். கையேடுகளையும் யாரும் திருத்தலாம், பகிரலாம் என்று உரிமை கொடுக்கும் ஒரு தனி உரிமப் பத்திரமே 2000-ல் அவரது ஸ்தாபனத்திலிருந்து வந்தது. ஆகவே, சட்டப்படி வாசல் திறந்துதான் இருக்கிறது. உள்ளே போகத்தான் ஆள் வேண்டும்.

ஆபீஸ்காரர்கள் கற்றுக் கொடுத்த பாடம்

எந்த மாதிரிக் கையேடு பயன்படும் என்பதை ஆராய்ந்தவர்களுள் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்த ஜான் கேரல் முக்கியமானவர். 1980-களில், டைப்ரைட்டர் பழகிய ஆபீஸ் ஊழியர்களைக் கூப்பிட்டு, அப்போது புதிதாக வந்திருந்த வேர்டு பிராஸஸர் இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்து, கையேட்டையும் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக் கொண்டே வேலை செய்யச் சொன்னார்கள். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக் கொண்டு போகும் பொறுமை அவர்களுக்கு இல்லை. முன்னுரை, பொது விளக்கம் எல்லாவற்றையும் தாண்டிக் கொண்டு, ஒரு கடிதத்தை டைப் அடித்து எடுப்பதிலேயே குறியாக இருந்தார்கள். நடுவில் ஒரு தவறு செய்தால் அதிலிருந்து மீள வழி தெரியாமல் மேலும் மேலும் சிக்கிக் கொண்டார்கள். கனமான அந்தக் கையேடு, தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதைப் போதிய அளவு சொல்லவில்லை.

பிறகு கேரலும் அவருடைய சகாக்களும் மிகச் சுருக்கமான வேறு கையேடு ஒன்றைத் தயாரித்தார்கள். பழையதில் கால் பங்கு கூட இல்லை. பீடிகை இல்லை. உண்மையான வேலை ஒன்றை உடனே தொடங்க வைத்தது. எங்கே தவறு வரும், வந்தால் எப்படித் திரும்புவது என்பதைச் சொன்னது. அதை வைத்துப் படித்தவர்கள் வேகமாகவும் நன்றாகவும் கற்றுக் கொண்டார்கள். 1990-ல் கேரல் இதைப் புத்தகமாகவும் எழுதினார். நல்ல கையேட்டின் இலக்கணத்தை ஆராய்ச்சியாளருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள், ஆபீசில் டைப் அடித்துக் கொண்டிருந்த சாதாரண ஊழியர்கள். அவர்கள் தடுமாறிய இடங்களே அதன் அத்தியாயங்கள் ஆயின.

குமாஸ்தாவின் கைவந்த கலை

மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அலுவலக நடைமுறைக் கையேடு புதிதல்ல. தபால் எப்படிப் பதிவாக வேண்டும், ஃபைல் யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும், நோட் எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிசையாக வரும். குமாஸ்தா எழுதும் நோட்டுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. விஷயம் என்ன, முன்பு என்ன நடந்தது, விதி என்ன சொல்கிறது, இப்போது என்ன செய்ய வேண்டும். அதிகாரிக்கு நேரமில்லை என்பதை மனத்தில் வைத்து எழுதப்படுவது அது. இந்தத் திறமைதான் மென்பொருள் கையேட்டுக்குத் தேவை. ஆனால், அதை ஒரு திறமை என்று குமாஸ்தாவே நினைப்பதில்லை.

வங்கித் தேர்வுப் படத்தையே எடுத்துக் கொள்ளலாம். ஜிம்புக்குத் தொண்டர்கள் எழுதிய கையேடு இருக்கிறது. அன்றாட வேலைகளுக்கென்று அதில் ஒரு பகுதியும் உண்டு. ஆனால், ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதும் தொண்டருக்கு, இந்தியாவின் வங்கித் தேர்வு விண்ணப்பம் 20 முதல் 50 கிலோபைட் கேட்கிறது என்பது தெரிய நியாயமில்லை. அது இங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். குமாஸ்தா ஒருவர் எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

ஒன்று: 'ஃபைல்' பட்டியலில் 'ஓப்பன்' அழுத்தி, படத்தைத் திறக்கவும்.

இரண்டு: 'இமேஜ்' பட்டியலில் 'ஸ்கேல் இமேஜ்' அழுத்தவும். அகலம் 200 பிக்ஸல் என்று போடவும். பக்கத்தில் உள்ள சங்கிலிப் படம் இணைந்திருந்தால், உயரம் தானாகவே பொருத்தமாக மாறும். 'ஸ்கேல்' என்ற பொத்தானை அழுத்தவும்.

மூன்று: மறுபடி 'ஃபைல்' பட்டியலுக்குப் போய், 'எக்ஸ்போர்ட் ஆஸ்' அழுத்தவும். 'சேவ்' அல்ல. பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஜே.பி.ஜி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்க்கவும்.

நான்கு: அடுத்து வரும் கட்டத்தில், படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை இருக்கும். படத்தை முன்கூட்டிக் காட்டும்படி சொல்லும் சிறு பெட்டியில் டிக் அடித்தால், கோப்பின் அளவு தெரியும். அது 20-க்கும் 50-க்கும் நடுவில் வரும் வரை பட்டையை நகர்த்தி, 'எக்ஸ்போர்ட்' அழுத்தவும்.

ஐந்து: மூடும்போது, படம் சேமிக்கப்படவில்லை என்று எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம். தேவையான ஜேபெக் படம் ஏற்கெனவே தனிக் கோப்பாக வந்து விட்டது. சேமிக்காமலே மூடலாம்.

இந்த ஐந்து குறிப்புகளில் எஞ்சினீயருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால், 'சேவ் அல்ல' என்ற இரண்டு வார்த்தைகளையும், 'பயப்பட வேண்டாம்' என்ற ஐந்தாவது குறிப்பையும் அவர் எழுதியிருக்க மாட்டார். ஒரு தடவையாவது அங்கே தடுக்கி விழுந்தவர்தான் எழுதுவார். எழுதியதை, கம்ப்யூட்டர் அதிகம் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, வாய் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் எங்கே நிற்கிறாரோ, அங்கே குறிப்பைத் திருத்த வேண்டும். இதற்குச் சம்பளமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

மறுப்புகளும் பதிலும்

இலவசமாகக் கொடுத்தவர்களிடம் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் டம்ளரை மட்டும் வைக்க மறந்தால், அதைச் சொல்வது நன்றி கெட்டதனம் ஆகாது. இன்னும் சொன்னால், சொல்வதோடு நில்லாமல், வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டு வந்து வைப்பதுதான் முறை. தொண்டர்கள் மீது அதிகாரம் செலுத்த யாராலும் முடியாது. அவர்களோடு சேர்ந்து கொள்ளத்தான் முடியும்.

எல்லாவற்றுக்கும் இப்போது வீடியோ இருக்கிறதே, கையேடு எதற்கு என்றும் கேட்கிறார்கள். வீடியோ நல்லதுதான். படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால், பதினைந்து நிமிஷ வீடியோவில் தேவையான அரை நிமிஷம் எங்கே என்று தேடுவது பெரும்பாடு. கருவி மாறினால், வீடியோவை மறுபடி எடுக்க வேண்டும். கையேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். எடுத்தவர் விட்டுப் போனால், வீடியோவை இன்னொருவர் திருத்த முடியாது. கையேட்டைத் திருத்தலாம்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்ற தயக்கம் மூன்றாவது. அதற்கும் இடம் இல்லை. தமிழில் எழுதுவதற்குத்தான் ஆள் பஞ்சம். 2012-லிருந்து 'கணியம்' என்ற இதழ் சுதந்திர மென்பொருள் விஷயங்களை எளிய தமிழில் வெளியிட்டு வருகிறது. அதிலிருந்து வந்த பாடங்கள் இலவச மின்னூல்களாகவும் கிடைக்கின்றன. ஒரு சிலர் செய்யும் இந்தக் காரியம், ஆயிரம் கைகள் சேர்ந்தால் எவ்வளவு பெருகும்? மேலும், மும்பையில் இருக்கும் தமிழருக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. தமிழ், ஹிந்தி, ஆங்கிலம், கொஞ்சம் மராத்தி என்று நாலு பாஷை அவர் காதில் தினமும் விழுகிறது. ஒரு சொல் எங்கே புரியும், எங்கே புரியாது என்பது அவருக்கு அனுபவ ஞானம். 'ஃபைல்' என்பதைக் 'கோப்பு' என்று எழுதலாமா, அப்படியே விடலாமா என்ற சர்ச்சைக்கு, திரையில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே குறிப்பிலும் எழுதுவது என்ற எளிய விதியே போதும்.

செய்ய வேண்டியவை

மென்பொருள் திட்டங்களை நடத்துபவர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். கையேட்டுப் பிழையைக் கருவியின் பிழையாகவே பதிவு செய்ய வேண்டும். கருவியில் ஒரு மாற்றம் செய்பவர், கையேட்டில் அதற்குரிய வரியைத் திருத்தாமல் மாற்றத்தை வெளியிடக் கூடாது. கையேடு எழுதியவர் பெயரும் கருவி செய்தவர் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் வர வேண்டும். கையேட்டு வேலையை இரண்டாந்தர வேலையாக வைத்திருக்கும் வரை, முதல்தர ஆட்கள் அதற்கு வர மாட்டார்கள்.

உபயோகிப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். ஒரு வேலையைத் தடுமாறிக் கற்றுக் கொண்ட அன்றே, மறந்து போகுமுன், தடுமாறிய இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்தால், அவரும் தாதர் பாலத்தைப் பார்க்காதவர் ஆகி விடுவார். அந்தக் குறிப்பைத் திட்டத்தாருக்கு அனுப்பலாம். 'மூன்றாவது படியில் உள்ள பெயர் இப்போது மாறி விட்டது' என்ற ஒற்றை வரி கூட ஓர் உபகாரம். வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள், பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடும் நேரத்தில், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். நாலு பேர் உட்கார்ந்தால், ஒரு மாலையில் ஒரு குறிப்பைத் தமிழில் எழுதி, சோதித்து முடித்து விடலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கறிக்கு உதவும் ஏடும் உண்டு. சமைத்துப் பார்த்தவர் எழுதினால் அது கிடைக்கும். மென்பொருள் எழுதுவது சிலருக்கே வரும் வித்தை. எழுதியதை மற்றவர் கையில் பயன்படும்படி ஒப்படைப்பதோ, ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரிந்த எவருக்கும் வரும். அந்த வேலை பல வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. விண்ணப்பம் போட வயது வரம்பும் இல்லை.